மல்லிப்பூவில் பெட்ரோல் வாடை

சில இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன்னுடைய பவர் வீடரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, எங்கே கசிகிறது என்றே தெரியவில்லை என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் என் மனைவி சிரித்துவிட்டார். 'உங்களை மாதிரியே ஒருத்தர்' என்றார். என் பழைய வேனில் இதே வாடையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் பட்ட நஷ்டத்தையும், செய்த முட்டாள்தனத்தையும் எழுதினால் அவருக்கும் இன்னும் நாலு பேருக்கும் உதவும் என்று தோன்றியது.

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகிற வழியில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் 60 சென்ட் மல்லி, மிச்சம் வாழை. வண்டி 1998-ம் வருடத்து ஆம்னி வேன். நான் வாங்கும்போதே அதற்கு 13 வயது, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். பூ மூட்டை, உரம், வாழைக்கன்று, கல்யாணத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் என்று எல்லாம் அதில்தான். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடும் சத்தமும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. லேசாக பெட்ரோல் வாடை வந்தாலும், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன்.

மார்கழியில் எங்கள் பக்கம் மல்லிக்கு என்ன நிலைமை என்று பூ விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனியில் மொட்டு கட்டாது. மற்ற மாதத்தில் 20 கிலோ பறித்த இடத்தில் 3 கிலோ தேறினால் பெரிசு. ஆனால் பொங்கலும் முகூர்த்தமும் நெருங்குவதால் விலை ஏறும். அந்த வருடம் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது. ராத்திரி 3 மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறித்து, என்னுடைய 3 கிலோவோடு பக்கத்துத் தோட்டங்களின் 11 கிலோவையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வியாபாரி பையைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார், கீழே வைத்துவிட்டார்.

"என்னங்ணா, பூவைத் தோட்டத்துல பறிச்சீங்களா, பெட்ரோல் பங்க்ல பறிச்சீங்களா?"

ஈரத்துணியில் சுற்றிய மல்லி எந்த வாடையையும் வாங்கிக்கொள்ளும். கிலோவுக்கு 400 ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பூவை அவர் யாருக்கு விற்பார்? என் பங்கு நஷ்டம் போகட்டும். நம்பிப் பையைக் கொடுத்தவர்களுக்கு 4,400 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டாலும், பக்கத்துத் தோட்டத்து அக்கா மறுநாளிலிருந்து தன் பூவைப் பால் வண்டியில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் தவறிய பிறகு, அந்த 40 சென்ட் மல்லியில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறார். ஒரு நாள் விலை போனாலும் அவருக்குத் தாங்காது. அது எனக்குத் தெரியும் என்பதால்தான் மனசு இன்னும் சங்கடப்பட்டது.

முதலில் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கார்ப்ரேட்டர்தான், பழைய வண்டியில வேற என்ன?" என்று கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே வாஷர், ஊசி எல்லாம் மாற்றி 2,600 ரூபாய் வாங்கினார்கள். வாடை நின்றுவிட்டது. மூன்று வாரம் அந்த ஒர்க்‌ஷாப்பின் பெருமையை ஊரெல்லாம் பேசினேன்.

அப்புறம் ஒருநாள் திரும்ப வந்தது. இந்த முறை காரணம் என் கண்ணெதிரிலேயே இருந்தது, அல்லது அப்படி நினைத்தேன். பவர் ஸ்பிரேயருக்கு ஊற்ற பெட்ரோலைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வாங்கிவந்து பின்சீட்டுக்கு அடியில் போட்டுவைப்பது என் வழக்கம். நம்மில் பாதிப்பேர் செய்வதுதான். அந்த மூடி வெயிலில் உப்பிக் கசிந்திருந்தது. பாட்டிலைத் தூக்கி எறிந்து, மேட்டை எடுத்து சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் கதவைத் திறந்துபோட்டுக் காயவைத்தேன். அதற்கும் வாடை நின்றது. அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் மாமனார் வீட்டு விசேஷத்துக்குத் தாளவாடி போனோம். மலை ஏறுகிறோம், நடுவில் பங்க் இருக்குமோ இருக்காதோ என்று முழு டேங்க் போட்டேன். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலை ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாறு வளைவு தாண்டியதுமே பின்னால் வாடை கிளம்பியது. பேத்தி வாந்தி எடுத்தாள். மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்தோம். கூட வந்த மாமனார் சும்மா இருக்க முடியாமல் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். என் மனைவி எட்டி அவர் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே வீசினார்.

"அப்பா, வண்டிக்குள்ள வாடை எப்படி அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

மாமனாருக்குக் கோபம். பெற்ற மகள் கையிலிருந்து பிடுங்கினால் யாருக்குத்தான் வராது? எனக்குமே அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. தீப்பெட்டியை உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அப்புறம் ஒரு பெரியவர் சொன்னபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு ஒர்க்‌ஷாப். அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டேங்க் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும். கழட்டிக் கொண்டாந்தா வெல்டிங் வெச்சுத் தர்றோம்." டேங்கைக் காலி செய்ய நாளும் குறித்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் டீக்கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். மேட்டுப்பாளையம் பக்கம் 40 வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது மகன் வீட்டோடு எங்கள் ஊரில் இருப்பவர்.

"கண்ணு, பெட்ரோல் நிறைஞ்ச டேங்கைவிடக் காலி டேங்குதான் பயங்கரம். உள்ளே ஆவி நின்னுக்கிட்டே இருக்கும். அதுல வெல்டிங் நெருப்பைக் காட்டுனா வெடிகுண்டு. யாரு என்ன சொன்னாலும் அதைச் செஞ்சுராதே."

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனமாம். மேலே பறந்து போகாமல் வண்டியின் தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். மனிதன் மூக்குக்கு லேசாகத் தெரியும்போது, கால் பக்கம் கூடுதலாக நின்றிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இல்லை, ஐஸ் உறைகிற குளிரில்கூட அது ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும், ஒரு பொறி போதும் என்றார். பற்றாவிட்டாலும் தினம் சுவாசிப்பது நல்லதில்லை. பெட்ரோலில் பென்சீன் என்று ஒன்று இருக்கிறது, புற்றுநோய் கொடுப்பது என்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்கிற சரக்கு அது. பேத்தி வாந்தி எடுத்தது மலையினால் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"வாடை எப்ப வருது?" என்று கேட்டார்.

"எப்பவும்தானுங்க."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாது கண்ணு. நோட்டுப் போட்டு எழுதிட்டு வா."

எப்படி எழுதுவது என்பதையும் சொன்னார். காலையில் கதவைத் திறந்ததும் வாடை இருக்கிறதா, குளிர்ந்த வண்டியைக் கிளப்பும்போது மட்டும் வருகிறதா, ஓடி நிறுத்திய பிறகு சூட்டில் வருகிறதா, ஓடும்போது வருகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிளப்பும்போது மட்டும் வந்து போனால் சோக் அதிகமாக இழுத்திருக்கும். நிறுத்திய பிறகு முன்சீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் வந்தால், சூட்டுக்குக் கார்ப்ரேட்டரில் நிற்கிற பெட்ரோல் ஆவியாவது. பழைய வண்டியில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். ஆயில் அளவு ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்புக்குள் இருக்கிற தோல் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, அப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும் என்றார். குச்சியில் ஆயில் வாடைதான் இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ஓட்டுகிறவன் மூக்கை நம்பக்கூடாது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த வாடைக்கு மூக்கு மரத்துவிடும். ராத்திரி முழுக்க மூடிவைத்துவிட்டு, காலையில் வண்டிப் பக்கமே வராத ஒருவரைக் கதவைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த வேலை என் மனைவிக்கு வந்தது.

பேரனின் பழைய கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் எட்டு நாள் எழுத ஒன்றுமில்லை. 'செவ்வாய், 300 ரூபாய்க்குப் பெட்ரோல், வாடை இல்லை. புதன், வாடை இல்லை.' இப்படியே போனது. ஒன்பதாம் நாள் பெரியவர் முழு டேங்க் போட்டு வரச் சொன்னார். 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும், எதற்கு என்று கேட்டேன். போடு என்றார். அன்று வாய்க்கால் பாலத்து வளைவில் திரும்பும்போதே வாடை. மறுநாள் காலை மனைவி கதவைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினொன்று, பன்னிரண்டாம் நாளும் வாடை. பதிமூன்றாம் நாள் முள் முக்காலுக்குக் கீழே வந்தது, வாடை போய்விட்டது.

நோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நான் சாதாரணமாக 300 ரூபாய்க்குத்தான் போடுவேன். பூவுக்கு நல்ல விலை கிடைக்கிற அன்றைக்கு மட்டும் தெம்பாக டேங்கை நிரப்புவேன். அதாவது, மல்லிக்கு விலை இருக்கிற நாட்களில் மட்டும் பார்த்து இந்த வண்டி பூவைக் கெடுத்திருக்கிறது. முதல் ஒர்க்‌ஷாப்பில் வாடை 'நின்றது' கார்ப்ரேட்டரால் இல்லை, பூ விலை இறங்கி நான் 300 ரூபாய்க்கு மாறியதால். பாட்டில் விஷயமும் அதேதான். கசிந்தது உண்மை. ஆனால் அது நின்ற பிறகும் வாடை வராமல் இருந்ததற்குக் காரணம் என் காலி பாக்கெட்.

பெரியவர் தண்ணீர்த்தொட்டியை உதாரணம் காட்டினார். தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் ஒரு ஜாண் தண்ணீர் நின்றாலும் ஒழுகும். மேல்வரிசைச் செங்கல்லில் விரிசல் இருந்தால் தொட்டி நிறைந்தால் மட்டும் ஒழுகும், விரிசல் வரைக்கும் இறங்கியதும் நின்றுவிடும். எனவே டேங்கின் அடியில் ஓட்டை இல்லை. இன்ஜினுக்குப் போகிற குழாயிலும் இல்லை. அது கசிந்தால் 3 லிட்டர் இருந்தாலும் கசியும். மிச்சம் இருப்பது, பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்குப் போகிற பெரிய ரப்பர் குழாய்தான். வளைவிலும் ஏற்றத்திலும் பெட்ரோல் அலம்பி அங்கேதான் வரும்.

மறுபடி டேங்கை நிரப்பி, களத்தில் திறந்தவெளியில் நிறுத்தினோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். அடுப்பு, பீடி, பக்கத்தில் ஓடுகிற மோட்டார் எதுவும் கிடையாது. டார்ச் வெளிச்சம்தான். சில பேர் தீக்குச்சி கொளுத்திக்கூடப் பார்ப்பார்கள், அந்த மாதிரி ஒருவரைத் தான் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பதாகச் சொன்னார். துணியால் குழாயைத் துடைத்துவிட்டு என் மனைவியிடம் முகப் பவுடர் கேட்டார். மனைவி டப்பாவோடு வந்து, எதற்கு என்று தெரியாமல் நின்றார். குழாயின் இரண்டு முனையிலும் பவுடரைத் தூவினார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினோம். ஐந்து நிமிடத்தில் மேல் கிளிப்புக்குக் கீழே வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று விழுந்தது, நகத்தால் கீறிய மாதிரி. பெட்ரோல் சொட்டுகூட விடவில்லை. சொட்டுவதற்கு முன்பே காற்றில் போய்விடுகிறது, அதனால்தான் தரையில் ஒரு நாளும் கறை இல்லை. பெட்டி மாதிரி இருக்கிற வண்டி ஓடும்போது பின்பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்கும். பின்கதவு ரப்பர் தேய்ந்திருந்தால் அது நேராகப் பூ மூட்டைமேல்தான் வந்து இறங்கும்.

முக்கால் டேங்குக்குக் கீழே ஓட்டித் தீர்த்த பிறகு குழாயை மாற்றினார். பெட்ரோலுக்கென்றே செய்த குழாய் 480 ரூபாய், கிளிப் இரண்டு 60 ரூபாய். கூலி வாங்க மறுத்தவரிடம் ஒரு தார் வாழையைக் கொடுத்தேன். பழைய குழாயை மடக்கிக் காட்டினார். காய்ந்த வரப்பு மாதிரி வெடிப்பு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அதனாலா என்று கேட்டேன். 2022-ல் 10 சதவிகிதமாக இருந்தது இப்போது 20 சதவிகிதம் ஆகியிருக்கிறது. பழைய காலத்து ரப்பருக்கு எத்தனால் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆனால் 25 வருடக் குழாய்க்கு வேறு சாட்சி தேவையில்லை என்பது அவர் தீர்ப்பு. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற நம் ஆட்களுக்கு எத்தனாலால் விலை கிடைக்கட்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டு பண்ணுங்க' என்று கழுத்துவரை ஊற்றச் சொல்லாதே என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதோடு முடிந்தது என்று நினைத்து முழு டேங்க் போட்டேன். வாடையே இல்லை என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை மனைவி கதவைத் திறந்தார்.

"ஏனுங்க, இன்னும் இருக்குதுங்க."

"பழைய வாடை, துணியில ஒட்டியிருக்கும் அம்மிணி."

"பழசு இல்லீங்க. புதுசு. கொஞ்சம்தான், ஆனா இருக்குது."

நான் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து அவரே நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவர் வந்து சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகரத்தைக் கழற்றினார். பெரிய குழாய்க்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் இன்னொரு குழாய் போகும். பெட்ரோல் ஊற்றும்போது டேங்கில் இருக்கிற காற்று வெளியே வருவதற்கு. டார்ச்சை அடித்துப் பார்த்தவர், "இதை யாரு கண்ணு மாட்டுனது?" என்றார்.

நான் வாழைத்தோப்பைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எலி கடித்திருந்ததால் ஸ்பிரேயரில் மிச்சமிருந்த கண்ணாடி மாதிரி டியூபை வெட்டி நான்தான் மாட்டியிருந்தேன். 30 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமை அப்போது. அந்த பிளாஸ்டிக்கில் இருக்கிற மிருதுவைப் பெட்ரோல் உறிஞ்சிவிடும். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்து, கைபட்டதும் இரண்டாக ஒடிந்து விழுந்தது. ஒர்க்‌ஷாப்காரர்களைப் பற்றி ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன் என்பது மனைவிக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை, பவுடர் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீடர் வாசகருக்கும் இதைத்தான் சொல்வேன். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை வருகிறதா, எப்போதும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நிறைந்தபோது மட்டும் என்றால் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். எப்போதும் என்றால் அடியிலிருக்கிற திருகும் டியூபும். டியூப் மாற்றுவதானால் கடையில் பெட்ரோல் டியூப் என்று கேட்டு வாங்குங்கள், வீட்டில் கிடப்பதை வெட்டி மாட்டாதீர்கள். ஸ்பிரேயருக்கான பெட்ரோலை இப்போது நான் இரும்புக் கேனில்தான் வாங்குகிறேன். அதையும் வண்டிக்குள் வைப்பதில்லை, மேல் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து மோட்டார் ரூமுக்கு வெளியே நிழலில் வைக்கிறேன்.

இந்த மார்கழியிலும் பூ குறைவு, விலை அதிகம். டேங்கை நிரப்பிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போனேன். வியாபாரி என் பையை மட்டும் மோந்து பார்ப்பதை ஒரு வருடமாக விடவில்லை. அன்றைக்கும் மோந்தார், தராசில் வைத்தார், சீட்டு எழுதினார். அதை ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி 4 மணிக்கு வண்டியைக் கிளப்பும்போது பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் பையோடு நின்றிருந்தார். பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம் பையை என் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீட்டைப் பத்திரமா வாங்கிட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டுப் பறிக்கிறவர்களிடம் போய்விட்டார்.